சிக்கலெண்

எங்கள் ஃபர்தர் மாத்ஸ் வகுப்பில் ஐந்தே பேர். 1986ஆம் ஆண்டு செப்டெம்பரில் நான்கு பேராகத் தொடங்கினோம். ஐந்தாவது ஆளாகச் சிவகௌரி மூன்று கிழமை பிந்தி, மாதக் கடைசியில் வந்து சேர்ந்தாள்.

கிழக்கு லண்டனில், இல்ஃபோர்ட் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி அது. பதினாறு வயதில் பள்ளிப் பரீட்சையை முடித்தவர்கள், பல்கலைக்கழகத்துக்குப் போக முன் இரண்டு வருடம் படிக்கிற இடம். அங்கே எல்லோருக்கும் பொதுவான கணிதப் பாடம் ஒன்று இருந்தது. அதற்கு மேலும் கணிதம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறையைக் கொடுத்திருந்தார்கள். அதன் ரேடியேட்டர் எந்த நேரமும் இருமிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் படித்ததுதான் ஃபர்தர் மாத்ஸ்.

கத்தரின் முதல் வாங்கில், கரும்பலகைக்கு நேர் முன்னால் இருப்பாள். அவளுடைய தகப்பன் பஸ் சாரதி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியிலிருந்து வந்தவள். எதையும் மெதுவாகத்தான் விளங்கிக்கொள்வாள், ஆனால் விளங்கியதை மறக்கமாட்டாள். விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்பாள். மற்றவர்கள் பெருமூச்சு விட்டாலும் இரண்டாம் தரமும் கேட்பாள். அவளுக்குப் பக்கத்தில் சேஷாத்ரி. தாய் தகப்பன் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர்கள். அவன் லண்டனிலேயே வளர்ந்தவன், வாய் ஓயாதவன். தெஹ்ரானிலிருந்து வந்த பெஹ்ரூஸ் அவனுக்கு நேர்மாறு. ஒரு கிழமைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம்.

நாலாவது நான். பெயர் சந்திரவதனா. கல்லூரியில் சாண்ட்ரா.

சாண்ட்ரா என்ற பெயரை எனக்கு யாரும் வைக்கவில்லை. 1979இல் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பள்ளியில் சேர்ந்தபோது ஒரு பிள்ளை தவறாக அப்படிக் கூப்பிட்டது. நான் திருத்தவில்லை. பிறகு அதுவே வசதியாகப் போயிற்று. முதல் இரண்டு வருடமும் என் பேச்சைப் பழித்துக் காட்டிய பிள்ளைகள், மூன்றாம் வருடம் அதை மறந்துவிட்டார்கள். அந்த மறதியைப் பெற நான் மிகவும் கஷ்டப்பட்டிருந்தேன். நோயில் படுத்து ஒரு வருடம் பிந்தி, மற்றவர்களைவிட வயது கூடியவளாகக் கல்லூரிக்கு வந்தபோதும் அதைக் கவனமாகக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

சிவகௌரி வந்த நாளில் ஆசிரியர் மிஸ்டர் ஹார்டிங் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே ஊர்க்காரர் போலிருக்கிறதே, கணிதச் சொற்களில் இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்டார். வீட்டில் சும்மா பேசுகிற தமிழ்தான் எனக்குத் தெரியும், கணிதத் தமிழ் எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அது பொய். என் அண்ணன் யோகராஜா யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படித்தவர், அதுவும் தமிழில். சத்தம் போட்டுப் படிக்காவிட்டால் அவருக்கு மண்டையில் ஏறாது. இரண்டு வருடம் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அவர் சொல்லிக்கொண்டே இருந்த சொற்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். காவி, தாயம், சிக்கலெண், மெய் அச்சு. பொருள் தெரியாத வயதில் கேட்ட சொற்களுக்கு இப்போது மேல்மாடி அறையில் பொருள் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் கிடைக்கும்போது எனக்குள் சந்தோஷமாக இருக்கும். அதை யாருக்கும் காட்டவில்லை.

சிவகௌரி யாழ்ப்பாணத்தில் உயர்தரம் ஒரு வருடம் படித்துவிட்டு, பரீட்சை எழுதாமலே வந்தவள். செவன் கிங்ஸில் தமக்கை சிவனேஸ்வரியின் வீட்டில் இருந்தாள். கை நீண்ட மண்ணிறக் கோட் ஒன்றை எப்போதும் போட்டிருப்பாள். அது தமக்கையுடையது. ஜன்னலோரம் இருந்து கரும்பலகையை மட்டும் பார்ப்பாள். மிஸ்டர் ஹார்டிங் குறியீடுகளை எழுதிக்கொண்டு போகும்போது அவள் முகம் தெளிந்திருக்கும். அவர் மூன்றாவது வரியில் நிற்கும்போது அவள் விடையை எழுதிப் பேனாவைக் கீழே வைத்திருப்பாள். அவர் திரும்பி நின்று வெறும் வாயால் விளக்கத் தொடங்கினால் அந்த முகம் அணைந்துவிடும். இரண்டையும் நான் பின் வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் விடுமுறைக்கு முதல் நாள் ஒரு சோதனை வைத்தார்கள். ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் ஃபர்தர் மாத்ஸை விட்டுப் பொதுக் கணிதத்தோடு நிற்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. சிவகௌரிக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதமே படிக்க வேண்டும். அவள் போக நினைத்த இடத்தில் ஃபர்தர் மாத்ஸ் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கத்தரினுக்கு இதை அவள் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

விடுமுறை முடிந்து வந்ததும் மிஸ்டர் ஹார்டிங் தாள்களோடு வந்தார். நல்ல மனிதர். ஐந்து வகுப்புக்குப் படிப்பித்துக் களைத்த மனிதர். கெட்ட செய்தியைக் கொடுக்க முன் பிள்ளைகளைக் கொஞ்சம் சிரிக்க வைப்பது அவருடைய வழக்கம். பெயர் சொல்லாமல் ஒரு தாளிலிருந்து வாசித்தார். இங்கே ஒருவர் 'ட்ரபிள் நம்பர்' என்று எழுதியிருக்கிறார், கணிதம் தொல்லை தருவது உண்மைதான் என்றார்.

நான் சிரித்துவிட்டேன். காம்ப்ளெக்ஸ் நம்பர் என்று எழுத வேண்டிய இடம் அது. தமிழில் சிக்கலெண். சிக்கல் என்றால் ட்ரபிள், எண் என்றால் நம்பர். வேறு சொல் தெரியாத ஒருத்தி தனக்குத் தெரிந்ததை அப்படியே மாற்றி எழுதியிருக்கிறாள். எனக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. சிரிப்பு என்னைக் கேட்காமலே வந்தது. ஜன்னலோரம் இருந்த தலை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பியது.

அவர் அடுத்ததை வாசித்தார். ஓர் எண்ணின் ஆர்க்யுமென்டைக் கண்டுபிடிக்கச் சொல்லிய கேள்வி அது. கணிதத்தில் ஆர்க்யுமென்ட் என்பது ஒரு கோணம். ஆனால் ஊரில் ஆங்கிலப் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு வாக்குவாதம் என்றுதான் படிப்பித்திருந்தார்கள். ஆகவே அந்தத் தாளை எழுதியவள், "இதிலே ஒரு வாக்குவாதமும் இல்லை, உண்மை தெளிவாக இருக்கிறது" என்று தொடங்கி அரைப் பக்கத்துக்கு நியாயம் எழுதியிருந்தாள். இந்த முறை முழு வகுப்பும் சிரித்தது. பெஹ்ரூஸ் கூட. சிவகௌரி கோட்டின் நீண்ட கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு. மிஸ்டர் ஹார்டிங் அவள் மேசைக்குக் குனிந்து, அடுத்த திங்கட்கிழமை பெயரை மாற்றிவிடுவதாகவும், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள்.

மத்தியானம் கண்டீனில் கத்தரின் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிவகௌரிக்கு எதிரே இருந்தாள். தாளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சிவகௌரி கொடுத்தாள். கத்தரின் எதையும் வாசிக்கிற மாதிரி அதையும் முதல் வரியிலிருந்து, விரல் வைத்து வாசித்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் இரண்டு மேசை தள்ளி இருந்தேன்.

ஒரு கால் மணி நேரத்துக்குப் பிறகு என்னிடம் வந்தாள். அந்த அரைப் பக்க நியாயத்தின் ஆறாவது வரியைக் காட்டினாள். 'இந்தக் கோடு உண்மை அச்சோடு அறுபது பாகை' என்று எழுதியிருந்தது. கேட்ட ஆர்க்யுமென்ட் அறுபது பாகைதான். விடை அங்கேயே இருந்தது. மேலே சிவப்புக் கோடு ஓடியிருந்தது. மெய் அச்சு என்பதைத்தான், ரியல் ஆக்ஸிஸ் என்று எழுதத் தெரியாமல், அவள் ட்ரூ ஆக்ஸிஸ் என்று எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கத்தரினுக்குத் தெரியாது. தெரியாமலே கண்டுபிடித்திருந்தாள்.

பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெக்டர் என்று வர வேண்டிய இடமெல்லாம் 'காரியர்' என்று எழுதி, ஒவ்வொன்றின் மேலும் மிஸ்டர் ஹார்டிங் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"நான் ஐந்து வருடம் லத்தீன் படித்தேன், சாண்ட்ரா," என்றாள் கத்தரின். "லத்தீனில் வெக்டர் என்றால் சுமந்து செல்பவன். காரியர். இவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். நாங்கள்தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மொழியிலும் அந்தச் சொல் அப்படித்தானா?"

காவுவது என்றால் சுமப்பது. அதனால்தான் காவி. அண்ணனின் குரல் என் காதுக்குள் கேட்டது. கத்தரின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன். இரண்டாம் தடவை.

அவள் சந்தேகப்படவில்லை. பரவாயில்லை, நூலகத்தில் பார்க்கிறேன் என்று போய்விட்டாள். புதன்கிழமை பின்னேரம் முழுக்க இல்ஃபோர்ட் நூலகத்தில் தமிழ் அகராதி தேடினாள் என்று சேஷாத்ரி சொன்னான். ஒரு சிறிய அகராதி கிடைத்ததாம். அதில் எழுத்துகளின் வரிசை தெரியாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாளாம். அ எது ஆ எது என்று தெரியாத ஒருத்தி என் மொழியில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம், நான் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பார்த்தேன் என்று இன்றைக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனேன். நவம்பர் மழை. வாசலில் ஈரச் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. உள்ளே தீபாராதனை நடந்தது. கையைக் குவித்தேன், கண்ணை மூட முடியவில்லை. முருகனிடம் என்ன கேட்பது? சிவகௌரிக்கு உதவு என்று கேட்கலாம். அதற்கு அவர் என்னைத்தானே திரும்பிப் பார்ப்பார். கற்பூரத்தட்டு வந்தபோது தொட்டுக் கும்பிடாமல் வெளியே வந்தேன்.

சிவகௌரி வாசலில் இருந்தாள். யாரும் சொல்லாமலே, குவிந்து கிடந்த சப்பாத்துகளைச் சோடி சேர்த்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினேன். நானும் ஒரு சோடியைத் தேடி எடுத்தேன்.

"சிவகௌரி, உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்தச் சொல்லுகள் எல்லாம் எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்."

"ஓம்," என்றாள், கையில் இருந்த சப்பாத்தின் மற்றதைத் தேடிக்கொண்டு. "எனக்கும் தெரியும், உமக்குத் தெரியும் எண்டு."

"என்னெண்டு?"

"ட்ரபிள் நம்பர் எண்டு அவர் வாசிக்கேக்கை நீர் ஒராள்தான் சிரிச்சனீர். மற்றவை முழுசிக்கொண்டு இருந்தவை. சிக்கலெண் தெரிஞ்ச ஆளுக்குத்தானே அதிலை சிரிப்பு வரும்."

எனக்குக் காது சுட்டது. பிறகு ஏன் மிஸ்டர் ஹார்டிங்கிடம் சொல்லவில்லை, கத்தரினிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சின்னப் பிள்ளை ஒன்றின் ஒற்றைச் சப்பாத்து அவள் கையில் இருந்தது.

"தெரியாது எண்டு ஒருத்தர் சொன்னால் அதுக்கு ஏதோ ஒரு பயம் இருக்கும். பயந்த ஆளைப் பிடிச்சு வெளியாலை இழுக்கிறதே? எனக்கு ஒரு சோதினை போச்சுது, அவ்வளவுதான். உமக்கு என்ன போகும் எண்டு எனக்குத் தெரியாதே."

மற்றச் சப்பாத்து என் காலடியில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். எழும்பி உள்ளே போனேன். தீபத்தட்டு இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் கிணத்தடியிலை நிண்டு தொண்டை கிழியக் கத்தினது ஒருத்திக்கு உதவுது எண்டால் அள்ளி ஊத்தின தண்ணி வீண் போகேல்லை என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார். எனக்கு மறந்திருந்த சொற்களும் அவருக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை சிவகௌரியையும் கூட்டிக்கொண்டு கத்தரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன், எனக்குத் தெரியும், பொய் சொன்னேன் என்று. கத்தரின் என்னைப் பார்த்தாள். பிறகு, நல்லது, அகராதியில் இன்னும் இருநூறு பக்கம் மிச்சம் இருந்தது என்று சொல்லிவிட்டுக் கோட்டை வாங்கி மாட்டினாள். அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

அவளுடைய தாய் சீஸ் போட்டு வாட்டிய பாணும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். ஒரு பெரிய தாளில் கத்தரின் தன் உருண்டை எழுத்தில் ஆங்கிலச் சொற்களை எழுதினாள். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் சின்னப் படம். நான் தமிழில் எழுதினேன். ஏழு வருடம் தமிழ் எழுதாத கை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று சொற்கள். ஆர்க்யுமென்ட் என்ற வரியில் கத்தரின் ஒரு கோணத்தை வரைந்து, 'சண்டை அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கீழே கோடு போட்டாள்.

முடித்ததும் தாளைச் சிவகௌரியிடம் கொடுத்தோம். மேலிருந்து வாசித்தாள். முதல் வரியில் அவள் கண் ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்துக்கொண்டு கீழே போயிற்று.

பின்னேரம் சேஷாத்ரி வந்தான். தாளைப் பார்த்ததும் தொடங்கிவிட்டான்.

"காவியா? அது சாமியார் கட்டுற துணி இல்லையா? மேட்ரிக்ஸுக்குத் தாயம்னு வேற எழுதியிருக்கு. அப்ப சோழி எங்க?"

"உங்கடை ஊரிலை என்ன சொல்லுறவை?" என்று சிவகௌரி கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. கத்தரின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து தாயைக் கூப்பிட்டான். அவர் தமிழ்வழியில் படித்தவர். வெக்டருக்குத் திசையன், மேட்ரிக்ஸுக்கு அணி, காம்ப்ளெக்ஸ் நம்பருக்குக் கலப்பெண் என்று சொல்லச் சொல்ல, அவன் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டான், அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. எங்கள் இரண்டு தமிழுக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று எங்களுக்கு ஆச்சரியம். அதுவும் தாளில் ஒரு பத்தி ஆயிற்று.

திங்கட்கிழமை காலை, பெயரை மாற்ற முன், மிஸ்டர் ஹார்டிங்கின் அறைக்குப் போனோம். கத்தரின் பழைய சோதனைத் தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் பேசினேன். என் பெயர் சந்திரவதனா என்பதிலிருந்து தொடங்கினேன். ஏன் அங்கிருந்து தொடங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வேறு இடத்திலிருந்து தொடங்க முடியவில்லை.

அவர் தாளை முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் திருத்தியது கணக்கை அல்ல, ஆங்கிலத்தை," என்றார்.

சிவகௌரியிடம் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பி நின்றாள். பிறகு அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இந்தச் சோதனைத் தாளுக்கு நான் இன்றைக்கே அறுபத்தொன்பது போடலாம், ஆனால் கடைசிப் பரீட்சையை முகம் தெரியாத ஒருவர் திருத்துவார், காரியர் என்றால் என்ன என்று அவர் சந்திரவதனாவைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. பத்து நாள் தருகிறேன். புதிய சோதனை, சொல் தாளைப் பார்க்க முடியாது. ஐம்பது எடுத்தால் இருக்கலாம் என்றார். என் பெயரை அவர் முழுதாக, ஒவ்வோர் எழுத்தாகக் கஷ்டப்பட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் 86ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டுதான் எங்கள் பள்ளிக்கூடம். செவன் கிங்ஸில் சிவகௌரி ஏறுவாள், அதற்கு முன்பே கத்தரின் ஏறி இடம் பிடித்திருப்பாள். கத்தரின் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல, சிவகௌரி பனி படிந்த ஜன்னலில் விரலால் படத்தை வரைய வேண்டும். படத்தைக் கத்தரின் வரைந்தால் அவள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். உச்சரிப்புப் பிழைத்தால் திருத்துவோம், யாரும் சிரிப்பதில்லை. ஒருமுறை ஒரு கிழவர் எங்களுக்குப் பின்னால் இருந்து, இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

உதவி ஒரு பக்கமாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றின் மூன்று கனமூலங்களையும் கூட்டினால் பூச்சியம் வரும் என்பது பாடம். மிஸ்டர் ஹார்டிங் அதை அட்சரகணித முறையில் வரிவரியாக நிறுவிக் காட்டியிருந்தார். கத்தரினுக்கு வரிகள் விளங்கின. ஏன் பூச்சியம் என்பது விளங்கவில்லை. மூன்று தரம் கேட்டுவிட்டாள், நாலாம் தரம் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. கண்டீனில் சிவகௌரி எங்கள் மூன்று பேரின் கழுத்துச் சால்வைகளையும் கேட்டு வாங்கினாள். மூன்றின் நுனிகளையும் ஒன்றாக முடிந்து, முடிச்சை மேசையின் நடுவில் வைத்தாள். ஆளுக்கு ஒரு சால்வையைப் பிடித்து, சமமான கோணத்தில் நின்று, சமமாக இழுக்கச் சொன்னாள்.

இழுத்தோம். முடிச்சு அசையவில்லை.

"மூண்டும் காவி," என்றாள் சிவகௌரி. உடனே திருத்திக்கொண்டு, "வெக்டர்," என்றாள். ஆங்கிலத்தில் மெதுவாகத் தொடர்ந்தாள். "எல்லாரும் இழுக்கிறார்கள். ஒருவரும் வெல்லவில்லை. அதுதான் பூச்சியம்."

கத்தரின் சால்வையை விடாமல் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பல இடங்களில் பிறகு தேடியிருக்கிறேன். அடுத்த மேசையில் இருந்த பெஹ்ரூஸ் எழும்பி வந்து, நான்கு சால்வையானால் நாலாம் மூலங்கள் என்று சொல்லித் தன் சால்வையையும் கழற்றினான். அந்தக் கிழமைக்குரிய பத்துச் சொல்லையும் அவன் அதிலேயே செலவழித்துவிட்டான். சிவகௌரி இவை எதையும் புத்தகத்தில் படிக்கவில்லை. படிப்பித்தவர் யார் என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை, யோசிச்சுப் பார்க்க அப்பிடித்தான் தெரியுது என்றாள். பெருமை அந்தக் குரலில் இல்லை. கண் நல்லாகத் தெரிகிற ஒருவர் தூரத்து பஸ்ஸின் இலக்கத்தை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வது போலச் சொன்னாள்.

பத்தாம் நாள் சோதனையை அவள் தனியே, மிஸ்டர் ஹார்டிங்கின் அறையில் எழுதினாள். நாங்கள் நான்கு பேரும் படிக்கட்டில் இருந்தோம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஒருவரும் எழும்பவில்லை. சேஷாத்ரி வாயை மூடிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் மனதுக்குள் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கத்தரின் விரல்கள் அவளுடைய சிலுவைச் சங்கிலியில் இருந்தன.

மறுநாள் தாள் வந்தது. தொண்ணூற்றிரண்டு.

சிவகௌரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொற்கள் எல்லாம் சரி. ஒரே ஓர் இடத்தில், அவசரத்தில், பழைய பழக்கத்தில், 'காரியர்' என்று எழுதியிருந்தாள். மிஸ்டர் ஹார்டிங் அதற்குச் சரி போட்டுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'லத்தீனிலும் அதுவே' என்று எழுதியிருந்தார். அவள் அந்த வரியைக் கத்தரினுக்குக் காட்டினாள். ஜன்னலோரத்து இடம் அவளுக்கே இருந்தது.

1993ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூவரும் சந்தித்தோம். சிவகௌரி அப்போது லண்டன் பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், அறை டூட்டிங்கில். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தேன். கத்தரின் எங்கள் பழைய கல்லூரிக்கே ஆசிரியையாகப் போயிருந்தாள். மேல்மாடி அறைதான் அவளுக்கும் கிடைத்ததாம், ரேடியேட்டர் இன்னும் இருமுகிறதாம்.

இடியப்பத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். அலுவலக மேசை லாச்சியில் கிடந்ததாம். எங்களுடைய சொல் தாள். ஒவ்வொரு செப்டெம்பரிலும் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போது அதில் ஆறு பத்திகள் இருந்தன. பெஹ்ரூஸ் போக முன் பாரசீகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தான். அடுத்தது சோமாலி. இன்னும் ஒன்று எங்கள் மூவருக்கும் தெரியாத எழுத்தில் இருந்தது. 'சண்டை அல்ல' என்ற இடத்தில் ஒவ்வொரு மொழியிலும் யாரோ ஏதோ எழுதி, எல்லோருமே கீழே கோடு போட்டிருந்தார்கள்.

அவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு என் கையெழுத்தைப் பார்த்தேன். முதல் வரி. காம்ப்ளெக்ஸ் நம்பர், பக்கத்தில் ஒரு படம், அதற்குப் பக்கத்தில் நான் எழுதியது: 'சிக்கலென்'.

மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருந்தேன். எண் என்பது என் ஆகிவிட்டது. ஏழு வருடமாக, எத்தனையோ பிள்ளைகளின் கையில், அப்படியே போயிருக்கிறது.

"ஐயோ, இதைப் பாரும்," என்றேன்.

"நான் அண்டைக்கே கண்டனான்," என்றாள் சிவகௌரி.

"பிறகேன் சொல்லேல்லை?"

"விளங்கிச்சுதுதானே. அதோடை அண்டைக்கு நீர் எழுதினது பிழையும் இல்லை." அவள் இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டாள். "சிக்கல் உம்மடைதானே."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கத்தரின் என்ன என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு எண்ணையும் என்னையும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. விரல் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, இது மூலப் பிரதி, வருகிற செப்டெம்பரில் நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

இரண்டு எழுத்துக்கு நடுவில் இடம் அதிகம் இருக்கவில்லை. நெருக்கி, கவனமாக, ஒரு சுழியைச் சேர்த்தேன்.

"இவ்வளவுதானா?" என்றாள் கத்தரின்.

"ஓம்," என்றாள் சிவகௌரி. "அவ்வளவுதான்."